திருத்தந்தை யார் என்ற சண்டைக்கு நடுவில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

"இப்போது இருப்பவர் உண்மையான திருத்தந்தையே (போப்பாண்டவரே) இல்லை" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வருகிறது. அனுப்பியவர் தினமும் செபமாலை சொல்கிற, நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள். பார்த்து முடித்ததும் மனசு கலங்கி, வரும் ஞாயிறு பூசைக்குப் போகலாமா வேண்டாமா என்றுகூட யோசனை ஓடுகிறது. அந்த நிலைமையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று: திருத்தந்தை யார் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கடவுள் உங்கள் தலையில் வைக்கவில்லை.

திருச்சபை இதைவிட மோசமான குழப்பத்தையெல்லாம் பார்த்திருக்கிறது. 1378 ஏப்ரலில் ரோமில் கர்தினால்கள் ஆறாம் உர்பானைத் தேர்ந்தெடுத்தார்கள். சில மாதங்களில் அதே கர்தினால்களில் பெரும்பாலோர், வெளியே கூடியிருந்த கூட்டத்துக்குப் பயந்து போட்ட ஓட்டு அது, செல்லாது என்று சொல்லி, செப்டம்பரில் ஏழாம் கிளமெண்டைத் தேர்ந்தெடுக்க, அவர் இன்றைய பிரான்சின் தெற்கில் இருக்கும் அவிஞ்ஞோன் நகரில் போய் அமர்ந்தார். பிரான்சும் ஸ்காட்லாந்தும் அவர் பக்கம், இங்கிலாந்து உர்பான் பக்கம். சிக்கலைத் தீர்க்கிறோம் என்று 1409-ல் பீசாவில் கூடியவர்கள் மூன்றாவதாக ஒருவரையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கடைசியில் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் (திருச்சபைத் தலைவர்களின் பெரிய கூட்டம்) கூடித்தான் 1417 நவம்பர் 11 அன்று ஒரே திருத்தந்தையாக ஐந்தாம் மார்ட்டின் வந்தார். அதாவது கிட்டத்தட்ட 40 வருடம். அந்தக் காலத்தில் பிறந்து, திருமுழுக்குப் பெற்று, கல்யாணம் முடித்து, செத்தும் போனவர்கள் எத்தனையோ பேர்.

அதில் எனக்குப் பெரிய ஆறுதல் இரண்டு புனிதர்கள். சியென்னா நகரின் கத்தரீன் ரோமில் இருந்த உர்பானுக்காகத் தன் கடைசி மூச்சுவரை உழைத்தார். வின்சென்ட் ஃபெரர் பல வருடம் அவிஞ்ஞோன் பக்கம் நின்றார், பிறகு 1416-ல், கிளமெண்டுக்கு அடுத்து அங்கே வந்தவரும் தான் ஆதரித்தவருமான பதின்மூன்றாம் பெனடிக்டிடமிருந்து வெளிப்படையாக விலகினார். வின்சென்டுக்கு 1455-லும் கத்தரீனுக்கு 1461-லும் புனிதர் பட்டம் கிடைத்தது. யார் சரியான திருத்தந்தை என்பதில் இவ்வளவு பெரிய ஆத்துமாக்களே எதிரெதிராக நின்றிருக்கிறார்கள், அது அவர்களுடைய புனிதத்தைக் கெடுக்கவில்லை. திருச்சபைக்குத் தலைவர் ஒருவரே என்று விசுவசிக்க வேண்டும், ஆனால் அந்தப் பதவிக்கு உரிமை கோருபவர்களில் யார் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று ஆராய்ந்து அறியும் கடமை சாதாரண விசுவாசிக்கு இல்லை, தன் மேய்ப்பர்களைப் பின்பற்றினால் போதும் என்று புளோரன்ஸ் பேராயராக இருந்த புனித அந்தோணினுசும் எழுதியிருக்கிறார்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது?

உங்கள் பங்குக் கோயிலை விட்டுப் போகாதீர்கள். பூசையில் நற்கருணை மன்றாட்டின்போது குருவானவர் திருத்தந்தையின் பெயரையும், அடுத்து உங்கள் மறைமாவட்ட ஆயரின் பெயரையும் சொல்வார், கவனித்துக் கேளுங்கள். அந்த இரண்டு பெயரும்தான் நீங்கள் யாரோடு ஒன்றிப்பில் இருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். திருத்தந்தை இறந்து அடுத்தவர் வரும்வரை அந்த இடத்தில் பெயர் சொல்வதில்லை, ஆனாலும் பூசை பூசைதான். 1268 நவம்பர் முதல் 1271 செப்டம்பர் வரை, கிட்டத்தட்ட மூன்று வருடம், திருத்தந்தையே இல்லாமல் இருந்தது. அப்போதும் திருமுழுக்கு, நற்கருணை, பாவசங்கீர்த்தனம் போன்ற அருட்சாதனங்கள் நின்றுபோகவில்லை.

இங்கேதான் பலர் யோசிக்காத ஓர் ஆபத்து இருக்கிறது. "அங்கே போகாதே, எங்கள் குழுவுக்கு வா, உண்மையான பூசை இங்கேதான்" என்று கூப்பிடுவார்கள். முறையாகக் குருப்பட்டம் பெற்றவர் வைத்தால் அந்தப் பூசை செல்லுபடியாகும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பாவசங்கீர்த்தனம் அப்படி இல்லை. பாவமன்னிப்புக் கொடுக்கப் பட்டம் மட்டும் போதாது, அதற்கான அதிகாரமும் திருச்சபையிடமிருந்து வந்திருக்க வேண்டும். கல்யாணமும் அதேபோல ஆயர், பங்குத்தந்தை, அல்லது அவர்கள் அனுமதி கொடுத்த ஒருவர் முன்னிலையில் நடக்க வேண்டும். மரண ஆபத்தில் இருப்பவருக்கு மட்டும் எந்தக் குருவும் பாவமன்னிப்புக் கொடுக்கலாம், திருச்சபைச் சட்டமே அதை அனுமதிக்கிறது. ஆகவே யாராவது கூப்பிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள்: உங்கள் ஆயர் யார்? பாவசங்கீர்த்தனம் கேட்க அதிகாரம் யார் கொடுத்தது? நேரான பதில் வரவில்லையென்றால் அங்கே போகாதீர்கள்.

அடுத்து, வருகிற செய்தியைச் சோதிப்பது. 16-ம் பெனடிக்ட் 2013-ல் பதவி விலகியது செல்லாது, ஆகவே பிரான்சிஸ் திருத்தந்தையே இல்லை என்று பல வருடம் பேசினார்கள். திருச்சபைச் சட்டத்தின் 332-ம் பிரிவை எடுத்துப் பாருங்கள்: விலகல் சுயவிருப்பத்தோடு நடந்திருக்க வேண்டும், முறைப்படி வெளிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், வேறு யாரும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை. விலகிய அவரே 2014-ல் எழுதிய கடிதத்தில், தன் விலகலின் செல்லுபடியைப் பற்றித் துளிகூடச் சந்தேகமில்லை என்று சொல்லிவிட்டார். இப்போது அதே வாதத்தை நீட்டி, பிரான்சிஸ் நியமித்த கர்தினால்கள் செல்லாது, அதனால் 2025 மே 8 அன்று 14-ம் லியோவைத் தேர்ந்தெடுத்ததும் செல்லாது என்கிறார்கள். இதற்குப் புனித அல்போன்ஸ் லிகோரி எப்போதோ வழி சொல்லியிருக்கிறார்: தேர்தலில் குறை இருந்திருந்தாலும், பிறகு முழுத் திருச்சபையும் ஒருவரை ஏற்றுக்கொண்டால் அவர்தான் திருத்தந்தை. உலகம் முழுக்க ஆயர்கள் யாரோடு ஒன்றிப்பில் இருக்கிறார்கள் என்று பாருங்கள், பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

ஆனால் ஒன்று, திருத்தந்தை சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் தவறாவரம் (போதனையில் தவறவே முடியாத தன்மை) பெற்றதல்ல. 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம் அதற்குக் கடுமையான நிபந்தனைகள் வைத்தது. அதன்பின் அந்த முறையில் அறிவிக்கப்பட்டது 1950-ல் மாதாவின் விண்ணேற்பு மட்டும்தான். விமானத்தில் பத்திரிகையாளர்களுக்குக் கொடுக்கும் பேட்டி அந்த வகையில் சேராது. ஒரு முடிவு மனசுக்கு ஒப்பவில்லையென்றால், மரியாதையோடு உங்கள் மேய்ப்பர்களிடம் சொல்ல திருச்சபைச் சட்டத்தின் 212-ம் பிரிவு உரிமை தருகிறது, சில நேரம் அதைக் கடமை என்றே சொல்கிறது. "இது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்பது வேறு, "இவர் திருத்தந்தையே இல்லை" என்பது வேறு. முதலாவதைச் சொல்லத் துணிவில்லாமல் பலர் இரண்டாவதில் போய் விழுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம், வீட்டில் ஒருவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டால்? சாப்பாட்டு மேசையில் வாதாடாதீர்கள். சேர்ந்து செபமாலை சொல்லுங்கள், அது இரண்டு பக்கத்துக்கும் பொது. வீடியோவுக்குப் பதில் வீடியோ அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். அவர் திரும்பி வர நினைக்கும்போது முதல் படி பங்குத்தந்தையிடம் போய்ப் பேசுவதுதான். அந்தக் குழுவில் செய்த பாவசங்கீர்த்தனங்களையும், அங்கே கல்யாணம் நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், சரிசெய்ய வழி இருக்கிறது. தனியாகப் போகத் தயங்கினால் நீங்களும் கூடப் போங்கள்.