அடிபட்டது எத்தனை மணிக்கு? அவசர சிகிச்சையில் புதிய ஆய்வுகளைப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இரவு டியூட்டியில், புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர் செல்போனை நீட்டினார். "சார், கிராஷ்-2 படிச்சிட்டேன். இவருக்கு டிரானெக்சாமிக் ஆசிட் போட்டாச்சு." விபத்தில் ரத்தப்போக்கைக் குறைக்கப் போடும் மருந்து அது; அதைப் பற்றிய பெரிய ஆய்வுதான் கிராஷ்-2. அடிபட்டது எப்போது என்று கேட்டேன். கேஸ் ஷீட்டைப் பார்த்து, நோயாளி காஷுவாலிட்டிக்கு வந்த நேரத்தைச் சொன்னார். பத்து வருடத்துக்கு முன்னால் நான் சொன்னதும் இதே பதில்தான்.

மருந்தளவு பிசகுவது, அலர்ஜி கேட்க மறப்பது பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். நிறையப் படிக்கிற, அக்கறையுள்ள இளம் டாக்டர்கள் செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆய்வின் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்வது

யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்று படிக்காமல் மருந்தைத் தொடாதீர்கள்.

மருந்தை எடுத்துக்கொண்டு நேரத்தை விட்டுவிடுவது

2010இல் வந்த கிராஷ்-2, 40 நாடுகளில் 20,211 பேரைச் சேர்த்த ஆய்வு. இந்தியாவும் அதில் உண்டு. அடிபட்டு 8 மணி நேரத்துக்குள் வந்தவர்களைச் சேர்த்தார்கள். டிரானெக்சாமிக் ஆசிட் பெற்றவர்களில் 14.5 சதவீதமும், பெறாதவர்களில் 16 சதவீதமும் இறந்தார்கள். நம் ஆட்கள் இந்த வரியோடு எழுந்துவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டே அதே குழு நேரவாரியாகப் பிரித்து வெளியிட்டது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போட்டவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், போடாதவர்களில் 7.7. மூன்று மணி நேரம் தாண்டியதும் கணக்கு தலைகீழாகிறது: போட்டவர்களில் 4.4, போடாதவர்களில் 3.1. அடிபட்ட புதிதில் உடம்பு உறைந்த ரத்தத்தை வேகமாகக் கரைக்கிறது. இந்த மருந்து அதைத் தடுக்கிறது. பிறகு உடம்பே அந்தக் கரைப்பை அடக்கிவிடுகிறது. அதற்கப்புறம் போடும் ஊசி எதைத் தடுக்கும்?

வேறு எந்த ஊரையும் விட நம் கரைக்கு இது முக்கியம். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டியிலிருந்து விசைப்படகில் போகிறவருக்கு நடுக்கடலில் அடிபட்டால், கரை சேரவே பல மணி நேரம் ஆகும். நான் சொன்ன அந்தப் பழைய கேஸில், வலை இழுக்கும் வின்ச்சில் கயிறு சுற்றித் தொடை நசுங்கியிருந்தது. கூட இருந்தவர்கள் கைலியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்தார்கள். நான் வந்த நேரத்தை எழுதிவிட்டு உடனே ஊசி போட்டேன். அடிபட்டு ஏழு மணி நேரம் ஆகியிருந்தது என்பது சீனியர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. நாலாம் நாள் கால் வீங்கியது, உள்ளே ரத்தக்கட்டி. நசுங்கிய காலுக்கு அது தானாகவும் வரும். மருந்தால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் பிழைத்தார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இதே தவறுக்கு இன்னொரு முகம் உண்டு. அதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபமே வருகிறது. தீவில் பைக் விபத்து. அரை மணி நேரத்தில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார். "ராமநாதபுரத்தில் பார்த்துப் போடுவாங்க" என்று வெறும் ட்ரிப்போடு 108இல் ஏற்றி அனுப்புகிறார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம், பாம்பன் பாலம், வழியில் நெரிசல். 2018இல் 40,138 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததில், ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் இந்த மருந்தின் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. பத்து நிமிடத்தில் ஏற்ற வேண்டிய ஒரு கிராம் மருந்து அது. விலையும் அதிகமில்லை. அங்கேயே போட்டு, போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

கேஸ் ஷீட்டின் முதல் வரி அடிபட்ட நேரமாக இருக்கட்டும். கடலில் இருந்தவர்களுக்கு மணி சொல்ல வராது. முதல் வலை இழுக்கும்போதா, கடைசி வலையிலா என்று கேளுங்கள். நேரம் தானாக வந்துவிடும்.

எல்லா ரத்தமும் ஒன்று என்று நினைப்பது

ரத்த வாந்திக்கும் இதே மருந்தைப் போடாதீர்கள். 2020இல் ஹால்ட்-இட் ஆய்வில் 12,009 பேரிடம் பார்த்துவிட்டார்கள்; இறப்பு குறையவில்லை, சிரைகளில் ரத்தக்கட்டி கூடியது.

ஒரே ஓர் ஆய்வுக்காக வார்டின் வழக்கத்தையே மாற்றுவது

2001இல் பெல்ஜியத்தில் ஒரே மருத்துவமனையின் ஐசியூவில் ரத்தச் சர்க்கரையை 80 முதல் 110க்குள் இறுக்கிப் பிடித்தார்கள்; இறப்பு குறைந்தது. உலகமே பின்பற்றியது. 2009இல் நைஸ்-சுகர் ஆய்வு 6,104 பேரிடம் பார்த்தபோது, இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதமும் மற்றவர்களில் 24.9 சதவீதமும் இறந்திருந்தார்கள். வேறு இடத்திலும் அதே பலன் வந்ததா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

விலக்கப்பட்ட நோயாளிக்கே பொருத்துவது

2011இல் ஃபீஸ்ட் ஆய்வு வந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலும் ஷாக்குமாக (உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை) வந்த குழந்தைகளுக்கு வேகமாக ட்ரிப் ஏற்றினால் இறப்பு கூடியது: 48 மணி நேரத்தில் 7.3 சதவீதம் இருக்க வேண்டியது பத்தரை ஆனது. இதைப் படித்த ஒருவர், வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மண்டபம் பக்கத்திலிருந்து வந்த நாலு வயதுப் பெண்ணுக்கு ட்ரிப்பைச் சொட்டுச் சொட்டாக வைத்திருந்தார். கண் குழிந்து, கிள்ளிய தோல் அப்படியே நின்றது. அந்த ஆய்வில் வயிற்றுப்போக்குக் குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை. கிலோவுக்கு 30 மில்லி வீதம் முதல் அரை மணி நேரத்தில் ஓடவிட்டோம். கிலோவுக்கு மீதி 70 மில்லியை அடுத்த இரண்டரை மணி நேரத்தில் ஏற்றினோம். விடிவதற்குள் எழுந்து தண்ணீர் கேட்டாள்.