புள்ளியை இழுத்துப் பாருங்கள்

ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளில் சமபக்க முக்கோணம் வரைய 'அஆ' என்ற ஒரு கோட்டுத்துண்டு போதும். 'அ'வை மையமாகக் கொண்டு 'ஆ' வழியாக ஒரு வட்டம். 'ஆ'வை மையமாகக் கொண்டு 'அ' வழியாக இன்னொன்று. அவை வெட்டும் இடத்தில் கண் மதிப்பில் புள்ளி வைத்துவிடாதீர்கள்! வெட்டுப்புள்ளிக் கருவியை எடுத்து, இரண்டு வட்டங்களையும் சொடுக்குங்கள். கிடைக்கும் இரு புள்ளிகளில் ஒன்றை 'அ', 'ஆ'வுடன் இணையுங்கள்.

இப்போது 'ஆ'வைப் பிடித்து இழுங்கள். முக்கோணம் பெரிதாகும், சிறிதாகும், சுழலும். பக்கங்கள் சமமாகவே இருக்கும். உருவம் குலைந்தால், ஏதோ ஒரு புள்ளி வட்டங்களோடு பிணையாமல் தனியே நிற்கிறது. தாளில் செய்ய முடியாத சோதனை இது. எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

இரு வெட்டுப்புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்தால், 'அஆ'வின் மையக்குத்துக்கோடும், அதாவது அதை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடும், கிடைத்துவிடும்.