பத்திலிருந்து பூஜ்யம் வரை: வீட்டுக் கணினியில் ஒரு விண்வெளி டிஸ்கோ

போனி எம் என்ற டிஸ்கோ குழுவின் ‘நைட்ஃப்ளைட் டு வீனஸ்’ ஆல்பம் 1978-இல் வெளிவந்தது. முதல் பாட்டைப் போட்டதும் இயந்திரக் குரல் ஒன்று பயணிகளை வரவேற்கும். வெள்ளிக் கிரகத்துக்குப் போகும் முதல் பயணிகள் கலம் இதுதான் என்று அறிவித்துவிட்டு, பத்திலிருந்து கீழே எண்ணும். டிரம்ஸ் இடிக்கும். பாட்டு ஓய்வதற்குள் அடுத்த பாட்டுக்குள் நழுவிவிடுவோம். அது ரஷ்யச் சாமியார் ஒருவரைப் பற்றிய ‘ரஸ்புடின்’! வெள்ளிக்கு டிக்கெட் எடுத்தவரை ரஷ்யாவில் இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் ஜமைக்காவில் பிறந்த ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ பாட்டு வழியாக ஜமைக்கா, கடைசியில் கனடாப் பாடகர் நீல் யங்கின் பாட்டு ஒன்று. அட்டையில் இருக்கும் விண்வெளி முதல் பாட்டோடு சரி.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நிமிட அறிவிப்பும் எண்ணிக்கையும் போதும், கேட்பவர் மனசு கலத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். மிச்சமெல்லாம் நல்ல டிஸ்கோதான். நாமும் அதே கணக்கில் ஒரு பாட்டு செய்வோம். தேவை ஒரு கணினி, ஹெட்ஃபோன், குரல் பதிய மொபைல், இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மென்பொருள்கள்: தாளத்துக்கு எல்.எம்.எம்.எஸ்., குரலுக்கு ஆடாசிட்டி.

படி 1: வேகம்

எல்.எம்.எம்.எஸ். திறக்கும்போது வேகம் 140 (நிமிடத்துக்கு இத்தனை அடி) என்று இருக்கும். 120-க்கு இறக்குங்கள். டிஸ்கோவுக்கு 120 முதல் 130 வரை பொருந்தும். நான் 120 சொல்வது கணக்கு சுலபம் என்பதால். ஒரு அடி அரை நொடி, நாலு அடி சேர்ந்த ஒரு சுற்று 2 நொடி.

படி 2: தாளம்

பீட் எடிட்டரில் ஒவ்வொரு வரியிலும் 16 கட்டங்கள் இருக்கும். இடப்பக்க சாம்பிள் (தயாராக இருக்கும் ஒலித்துணுக்குகள்) பட்டியலில் டிரம்ஸ் ஃபோல்டரைத் திறந்து ஒலிகளை இழுத்துப் போடுங்கள். கிக் டிரம்முக்கு (‘டும்’ என்று அதிரும் பெரிய டிரம்) 1, 5, 9, 13. கைதட்டலுக்கு 5, 13. திறந்த ஹை-ஹாட்டுக்கு (‘ட்ஸ்’ என்று ஒலிக்கும் ஜோடித் தட்டு) 3, 7, 11, 15. ஓடவிட்டுக் கேளுங்கள்: டும்-ட்ஸ், டும்-ட்ஸ். ஹை-ஹாட்டை மட்டும் நிறுத்திப் பாருங்கள், கல்யாண ஊர்வலத்துக்கு யாரோ ஒற்றைக் கையால் அடிப்பது மாதிரி ஆகிவிடும். கால் தானாக ஆடுவதற்குக் காரணம் கிக் இல்லை, இரண்டு கிக்குக்கு நடுவில் விழும் அந்த ‘ட்ஸ்’.

படி 3: பேஸ் (அடிநாதம்)

கீழ் ஸ, மேல் ஸ. அவ்வளவே. ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியில் ஒரு முறை, மேல் ஸ்தாயியில் ஒரு முறை, இரண்டு கட்டத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வையுங்கள். மேற்கத்திய சுரப் பெயர்களில் முதல் இரண்டு சுற்று ஏ, மூன்றாவது எஃப், நாலாவது ஜி. மேலே வயலின் ஒலியில் ஏ மைனர், எஃப், ஜி கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) நீட்டிப் பிடித்தால் போதும். முடித்ததும் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும் என்பதால் டாம் டிரம்மை விடாமல் அடிக்கும் உருட்டலை மட்டும் பத்துச் சுற்றுக்குத் தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள்.

படி 4: இயந்திரக் குரல்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். இந்த ரோபோ குரலைத் தருவது வோக்கோடர். 1930-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி தொலைபேசிக்காக உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் ரகசியப் பேச்சை அனுப்பவும் உதவியது. உங்கள் குரலை அது பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தையும் வேறோர் ஒலியின் மேல் பதிக்கும். வாய் உங்களுடையது, தொண்டை சிந்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவியுடையது.

குரல் நன்றாக இல்லையே என்று தயங்க வேண்டாம். போனி எம் மேடைகளில் ஆடியவர் பாபி ஃபாரல். ஒலிப்பதிவில் கேட்கும் ஆண் குரலோ தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியனுடையது.

முதலில் அறிவிப்பை எழுதுங்கள். விமானப் பணிப்பெண் பேசும் அதே தொனி இருந்தால் சுவை கூடும்: “பயணிகள் கவனத்திற்கு. இன்னும் சற்று நேரத்தில் வெள்ளியில் தரையிறங்குகிறோம். வெளியே வெப்பநிலை 460 டிகிரி செல்சியஸ்.” இது கற்பனை இல்லை, அங்கே உண்மையிலேயே அவ்வளவு சூடு. (1978 டிசம்பரில் போனி எம் மாஸ்கோவில் பாடியது. அதே மாதம் சோவியத்தின் இரண்டு வெனேரா கலங்கள் வெள்ளியில் இறங்கின. இப்படி ஒரு பொருத்தம்!)

போர்வைக்குள் உட்கார்ந்து மொபைலில் பதியுங்கள், எதிரொலி வராது. ராகம் போட்டுப் பேசிப் பயனில்லை, சுருதியைத் தரப்போவது சிந்தசைசர்தான். எண்களை 2 நொடிக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். தமிழ் எண்களில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஏழு’, ‘ஆறு’, ‘மூன்று’ இயந்திரக் குரலில் இழைந்து வரும். ‘பத்து’, ‘எட்டு’ இரண்டும் நடுவில் அறுந்துபோகும், ஏனென்றால் ‘த்த’, ‘ட்ட’ வரும் இடத்தில் குரல் ஒரு கணம் நின்றுவிடுகிறது. முதல் உயிரைக் கொஞ்சம் நீட்டினால் சரியாகிவிடும்.

பதிந்ததை ஆடாசிட்டியில் திறங்கள். அதன் கீழே ஜெனரேட் மெனுவில் டோன் எடுத்து, சாடூத் (ரம்பப் பல் வடிவ) அலை, 110 ஹெர்ட்ஸ், குரல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். மேலே குரல், கீழே டோன். இரண்டையும் ஒரே ஸ்டீரியோ ட்ராக்காக இணைத்து, எஃபெக்ட் மெனுவில் வோக்கோடரைக் கொடுங்கள். வரிசை முக்கியம். முதல் தடவை நான் மாற்றிப் போட்டுவிட்டு, வண்டு ரீங்கரிப்பதையே கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மங்கினால் அதே பெட்டியில் வெள்ளை இரைச்சல் (‘உஸ்’ என்ற ஒலி) அளவைச் சிறிது ஏற்றுங்கள்.

படி 5: புறப்பாடு

எல்லாவற்றையும் ஆடாசிட்டியிலேயே அடுக்குவோம். முதலில் அறிவிப்பு, இசையே வேண்டாம். எண்ணிக்கை தொடங்கும்போது டாம் கோப்பு உள்ளே வரட்டும். ‘மூன்று’ வந்ததும் வெள்ளை இரைச்சலை ஃபேட் இன் (மெல்ல மெல்ல ஒலி கூட்டுதல்) செய்து ஏற்றிக்கொண்டே போங்கள். ‘பூஜ்யம்’ என்றதும் எல்லாவற்றையும் வெட்டுங்கள், ஃபேட் அவுட் கூடாது. அரை நொடி ஒன்றுமே கேட்கக் கூடாது. அப்புறம் கிக்.