பழைய தேக்குக் கதவை மாற்றாமல் தலைவாசலைப் புதுப்பிக்க

தலைவாசல் கதவு மங்கிவிட்டது என்றதும் புதுக் கதவுக்கு விலை விசாரிக்கக் கிளம்ப வேண்டாம். பழைய தேக்குக் கதவில் பெரும்பாலும் மேல்பூச்சுதான் கெட்டிருக்கும். மரம் திடமாகவே இருக்கும். கையில் இருக்கும் காசைக் கீலுக்கும் பூட்டுக்கும் முதலில் ஒதுக்குங்கள். அடுத்தது பாலிஷ். குமிழ், பெயர்ப்பலகை, விளக்கு எல்லாம் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கதவு தொங்குகிறதா என்று பாருங்கள். பாதி திறந்து வைத்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால், தாழ்ப்பாள் நாதாங்கியில் சேராமல் அடம்பிடிப்பதற்கும் அதுதான் காரணம். பலர் இந்த இடத்தில் நாதாங்கியின் ஓட்டையை அரம் போட்டுப் பெரிதாக்குகிறார்கள். ஆறு மாதத்தில் கதவு இன்னும் இறங்கும், மறுபடி அரம் எடுக்க வேண்டும். கீலைச் சரிசெய்தால் தாழ்ப்பாள் தானே சேரும்.

மேல் கீலின் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறதா? துளை அகன்றுவிட்டது என்று பொருள். ஸ்க்ரூவைக் கழற்றி, துளைக்குள் ஃபெவிகால் விட்டு, மூங்கில் குச்சிகளை இறுக்கமாக அடித்து இறக்குங்கள். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, நீட்டியிருப்பதை உளியால் மட்டமாகச் சீவி, நடுவில் சிறு துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள். பழைய ஸ்க்ரூ ஓர் அங்குலம்தான் என்றால் ஒன்றரை அங்குலம் போடுங்கள். அதற்குப் பிறகும் கதவின் பூட்டுப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால், அடிக் கீலுக்கும் நிலைக்கும் நடுவே தீப்பெட்டி அட்டையை ஒரு மடிப்பு வையுங்கள். பூட்டுப் பக்கம் மேலேறும்.

கீலையே மாற்றுவதென்றால் பழைய கீலின் அளவையே வாங்குங்கள். நிலையில் புதுப் பள்ளம் வெட்டும் கூலி மிச்சம். கனமான தேக்குக் கதவுக்கு 5 அங்குலக் கீல் நான்கு வேண்டும். கடலோர ஊர்களில் எஸ்எஸ் 304 (துருவை நன்றாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்) என்று கேட்டு வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். விலை குறைந்த 202 ரக ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் உப்புக்காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளை ஸ்க்ரூவை நேரே தேக்கில் ஏற்றினால் தலை முறிந்து, உடல் உள்ளேயே நின்றுவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றிக் கழற்றுங்கள். பிறகு பித்தளை ஸ்க்ரூவின் மரையில் மெழுகோ சோப்போ தடவி, திருப்புளியால் கையாலேயே ஏற்றுங்கள்.

பூட்டு. மார்ட்டைஸ் பூட்டு (கதவின் கனத்துக்குள் பதித்த பூட்டு) இருந்து, சாவி தேய்ந்திருந்தாலோ, ஒரு சாவி தொலைந்திருந்தாலோ, பூட்டு முழுவதையும் மாற்றத் தேவையில்லை. சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றலாம். கதவின் விளிம்பில், பூட்டுத் தகட்டில், சாவித்துளைக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டு இலேசாகத் திருப்பினால் சிலிண்டரின் நாக்கு உடலோடு மட்டமாகும். அப்போது இழுத்தால் வந்துவிடும். நாக்கு சரியாக மடங்காதவரை எவ்வளவு இழுத்தாலும் வராது, சுத்தியலால் தட்டவும் கூடாது. வெளியே எடுத்ததும் ஸ்க்ரூ துளையின் நடுவிலிருந்து இரண்டு முனைகளுக்கும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். மொத்தம் 60 மிமீ என்று மட்டும் சொல்லி வாங்கினால், 30-30க்குப் பதில் 25-35 வந்து ஒரு பக்கம் துருத்தி நிற்கும். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் தூசி ஒட்டிப் பிசினாகிவிடும். கிராஃபைட் பொடி போதும்.

பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. புளி முலாமைத் தின்றுவிடும். ஒட்டாவிட்டால் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்து, உடனே கழுவித் துடைத்து வெயிலில் காயவையுங்கள். ஊறவிட்டால் செம்பு நிறம் ஏறும்.

பாலிஷ் வேலைக்கு மாசியிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். அப்போது கதவு இடிக்கிறது என்று இழைப்புளி போட்டால், சித்திரையில் அந்த இடத்தில் இடைவெளி தெரியும். ஈரக்காற்றில் அடிக்கும் பூச்சும் வெளுத்துப்போகும்.

கைப்பிடி, தாழ்ப்பாள், குமிழ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். உப்புத்தாள் முதலில் 80 எண், பிறகு 120, கடைசியில் 220. எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். நிலையில் மஞ்சள் கறை இருந்தால் சோப்புத் தண்ணீர் வேண்டாம்; சோப்பில் உள்ள காரம் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். தூசியைத் துடைத்தபின் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைப்பது கட்டாயம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. அதைத் துடைக்காமல் பூசினால் பூச்சு பிடிக்காது. துடைத்த அன்றே முதல் கோட் பூச்சைத் தின்னர் கலந்து மெலிதாகப் பூசுங்கள். காய்ந்ததும் 320 தாளால் இலேசாக வருடி, இன்னும் இரண்டு கோட். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலக் கதவின் வெளிப்புறத்துக்கு அரை லிட்டர் போதும்.

வெளிப்புறத்துக்கு மெலமைன் பாலிஷ் வேண்டாம். வீட்டுக்குள் அழகாக நிற்கும் அது, வெயிலிலும் மழையிலும் வெடித்து உரியும். வெளிப்புற உபயோகத்துக்கு என்று போட்டிருக்கும் பியு (பாலியூரிதேன்) பூச்சு அல்லது வார்னிஷ் வாங்குங்கள். மாலையில் வாசலில் விளக்கேற்றும் வீடானால், தின்னர் வாடை முழுக்க அடங்கும்வரை உள்ளே ஏற்றுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போகும் இடம் கதவின் அடிவிளிம்பு. தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீர் அங்கேதான் ஏறி, மரத்தை அடியிலிருந்து மக்க வைக்கும். கதவைக் கழற்றும்போதே அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் இரண்டு கோட் கொடுத்துவிடுங்கள். நிலைக்கால் தரையைத் தொடும் இடத்திலும் அப்படியே. பூசி முடித்த முதல் இரவு கதவை அழுத்திச் சாத்த வேண்டியிருந்தால், நிலையில் நாலைந்து இடத்தில் மெழுகு தடவிய காகிதத்தை வைத்துச் சாத்துங்கள். காலையில் பூச்சு ஒட்டிப் பிய்ந்து வராது.