மவ்லவிய்யா ஸமா: சுழலப் பழகும் முறை

துருக்கியின் கொன்யாவில் 1273-இல் மறைந்த சூஃபிக் கவிஞர் மௌலானா ரூமியின் வழிவந்த சூஃபி நெறி மவ்லவிய்யா தரீக்கா. அதில் ‘ஸமா’ என்னும் சுழலலும் திக்ருதான், அதாவது இறைநினைவுதான். பழக வருபவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் கைகளை விரித்துவிடுகிறார்கள். முதலில் பழக வேண்டியது இடது கால்.

சூஃபிகள் கூடும் மடங்களான தைக்காக்களில் இதற்கென ஒரு சதுரப் பலகை உண்டு, நடுவில் வழவழப்பான ஆணியோடு. இடது காலின் பெருவிரலும் அடுத்த விரலும் ஆணியை இடுக்கிக்கொள்ளும். பாதம் எளிதாகச் சுழல உப்புத் தூவுவார்கள். வீட்டில் ஆணி வேண்டாம். வழுவழுப்பான தரையில் ஒரு குறி போதும். காலில் மெல்லிய தோலுறை அணியுங்கள். சுற்றிலும் 2 மீட்டர் காலியாக இருக்கட்டும். சாப்பிட்டு 2 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். காக்காய் வலிப்பு, காதுக்கோளாறால் வரும் தலைசுற்றல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதில் இறங்கக் கூடாது.

கைகளை மார்பின் குறுக்கே மடித்துத் தோள்களைப் பற்றி, வலது கால் பெருவிரலை இடது கால் பெருவிரல்மேல் வைத்து நில்லுங்கள். பிறகு வலது காலைத் தூக்கி, இடது காலைச் சுற்றிக் கொண்டுபோய் ஊன்றி, இடப்பக்கமாகத் திரும்புங்கள். இடது பாதம் தரையை விட்டு எழவே கூடாது. முதலில் கால்பங்குச் சுற்று; அது பிசகாமல் வந்தபின் அரைச் சுற்று, அதன்பின்தான் ஒரே எட்டில் முழுச் சுற்று. குறியை விட்டு விலகினால், உடல் எடை வலது காலில் தங்குகிறது என்று பொருள். தரை வழுக்காவிட்டால் முறுக்கு முழங்காலைத் தாக்கும்; வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

தலைசுற்றலுக்குக் காரணம் உட்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம். சுழலத் தொடங்கியதும் அது பின்தங்குகிறது. வேகம் மாறாதிருந்தால் சுமார் 20 விநாடிகளில் உடலோடு சேர்ந்துகொள்கிறது, சுழலும் உணர்வும் தணிகிறது. ஆகவே முழுச் சுற்றை ஒன்றுக்கு 3 விநாடி என்று மெதுவாகத் தொடங்கி, அதே வேகத்தைக் காப்பாற்றுங்கள். தலையைச் சற்றே வலப்பக்கம் சாய்த்தபின் அசைக்காதீர்கள். சுழலும்போது தலை நிமிர்ந்தாலோ குனிந்தாலோ வேறு குழாய்களும் கிளர்ந்து, உடனே குமட்டும். மேடை நடனக்காரர்கள்போல் தலையை வெட்டித் திருப்பும் பழக்கம் இங்கே உதவாது. கைகளை விரிக்கும் கட்டம் வந்ததும் இடது கையின் கட்டைவிரல்மீது பார்வையை மென்மையாக வையுங்கள், சுற்றுப்புறம் மங்கட்டும்.

கால் தானாக நடக்கும் நிலை வந்ததும் கைகளை மெல்ல விரியுங்கள். வலது உள்ளங்கை வானத்தையும் இடது உள்ளங்கை பூமியையும் பார்க்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளத்தில் ஒருமுறை ‘அல்லாஹ்’. திக்ரு அறுந்தால் மிஞ்சுவது வெறும் சுழற்சி. வஜ்தை, அதாவது பரவசத்தைத் துரத்தி வேகத்தைக் கூட்டுபவர்களுக்குத் தள்ளாட்டம்தான் கிடைக்கும். தைக்கா மரபில், பரவசம் எவ்வளவு பொங்கினாலும் ஸமாவில் இருப்பவர் தம் இடத்தையும் பக்கத்தில் சுழல்பவரின் இடத்தையும் மறக்கக் கூடாது.

நிறுத்துவதிலும் அவசரம் ஆகாது. கடைசிச் சில சுற்றுகளில் வேகத்தைத் தணித்து, கைகளை மீண்டும் மார்பில் மடித்து நில்லுங்கள். திரவம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் எதிர்த்திசையில் சுழல்வதுபோல் தோன்றும். கண்களை மூடாமல் தரையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். அந்தச் சுழலுணர்வு அடங்கும்வரை நடக்க வேண்டாம்.