சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்களா? துணி எங்கே கெடுகிறது என்று பாருங்கள்

போன வாரம் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வரத் தொடங்கி மூன்றே நாளான தம்பி ஒருவர் குழாயடியில் குனிந்து, பேன்ட்டின் வலது காலை ஈரக் கைக்குட்டையால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். "தேய்க்காதீங்க தம்பி!" என்று நான் ஓடிப்போவதற்குள் விரல்நுனி அளவு இருந்த கறை உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. 12 வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

மழைச்சட்டையை மறப்பது, வெள்ளை பேன்ட்டோடு ஏறுவது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. ஒரு முறை பட்டால் யாருக்கும் புரிந்துவிடும். பட்ட பிறகும் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

செயின் கறையைத் தண்ணீரால் தேய்ப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஆசைப்பட்டுத் தைத்த சாம்பல் நிற பேன்ட், இரண்டாவது முறை போட்ட நாள். வலது காலின் உட்புறம், கணுக்காலுக்கு மேலே, பல்சக்கரத்தின் பற்கள் வரிசையாக நான்கு கருப்புக் கோடு போட்டிருந்தன. பத்து மணிக்குக் கூட்டம். பதற்றத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், பிறகு கை கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். நான்கு கோடும் கலைந்து ஒரே திட்டாகிவிட்டது. அன்றிரவு மற்ற துணிகளோடு போட்டுத் துவைத்தேன். ஈரத்தில் கறை தெரியவில்லை. போய்விட்டது என்று நம்பி, அரைகுறையாகக் காய்ந்திருந்ததைச் சூடாக இஸ்திரி போட்டேன். கறை அப்படியே இறுகிவிட்டது. சலவைக்காரரும் கையை விரித்துவிட்டார்.

செயினுக்கு விடுகிற எண்ணெய் கருப்பாக இருப்பதில்லை. செயினும் பல்சக்கரமும் உரசித் தேய்ந்த இரும்புத்தூளும் சாலைப் புழுதியும் அதில் குழைந்துதான் அந்தக் கருமை வருகிறது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. நாம் தேய்க்கத் தேய்க்க அந்தத் தூள் நூலிழைக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான்.

கறை பட்டதும் உலர்ந்த காகிதத்தை வைத்து ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறையும் காகிதத்தின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பவுடர் கிடைத்தால் தாராளமாகத் தூவி, அரை மணி நேரம் விட்டுத் தட்டிவிடுங்கள், எண்ணெயில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும். அன்றைய பகலை அப்படியே ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை நனைக்காமல், பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு கறையின் மேல் விட்டு விரலால் மெதுவாகப் பரப்புங்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்புவதுதான் அதன் வேலை. கால் மணி நேரம் கழித்துத் துணியைப் புரட்டி, உட்பக்கத்திலிருந்து தண்ணீர் ஓடவிட்டு அலசுங்கள். நிழலில் காயப்போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுபடியும் அதே வேலை. கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கம்பளித் துணி என்றால் வீட்டில் எதுவும் முயலாமல், இன்ன கறை என்று சொல்லி டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள்.

"நேத்துதான் அண்ணா செயினுக்கு நிறைய எண்ணெய் விட்டேன், அப்புறமும் ஏன் இப்படி?" என்றார் தம்பி. நிறைய விட்டதால்தான். எண்ணெய்க்கு வேலை செயினின் உள்ளே, ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் சின்னக் கம்பியும் அதன் மேல் சுழலும் உருளையும் உரசும் இடத்தில். வெளியே வழிந்து நிற்பது புழுதியைத்தான் பிடித்துவைக்கும். உருளைக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சில சுற்றுச் சுற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய துணியால் வெளிப்புறத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். துடைத்த செயினைத் தொட்டால் விரலில் கருப்பு ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் துடையுங்கள். அதன் பிறகும் வலது கால் பேன்ட்டை மடித்து ஒரு பட்டை கட்டாமல் ஏறாதீர்கள். செயின் முழுவதையும் மூடும் கவர் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

தம்பியின் பேன்ட் இரண்டாவது அலசலில் முக்கால்வாசி தேறியிருக்கிறது. இன்னும் இஸ்திரி போடவில்லை.

வந்து இறங்கியவுடன் சட்டை மாற்றுவது

ஓட்டும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே வரும், அதனால் அவ்வளவாக வியர்க்கவில்லை என்றே தோன்றும். வண்டி நின்றதும் காற்று நின்றுவிடும், உடம்புச் சூடோ உடனே தணியாது. நெற்றியிலும் முதுகிலும் வியர்வை ஊற்றுவது இறங்கிய பிறகுதான். அந்த நேரத்தில் மடிப்புக் கலையாத சட்டையை மாட்டினால் ஐந்தே நிமிடத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக மிதித்து வாருங்கள். வந்ததும் முகம், கழுத்து, கைகளை ஈரத்துண்டால் துடைத்துவிட்டு, ஓட்டி வந்த பனியனோடே பத்துப் பதினைந்து நிமிடம் காற்றாட இருங்கள். இதற்காக அந்தக் கால் மணி நேரம் முன்னால் கிளம்புவதில் எனக்கு வருத்தமே இல்லை.

முதுகில் பை

இறக்கிக் கேரியரில் கட்டுங்கள்.

சட்டையைப் பைக்குள் தளர்வாக விடுவது

இறுக்கி வைத்தால் கசங்கும் என்று நினைத்துப் பலர் தளர்வாகப் போடுகிறார்கள். சாலைக் குலுக்கலில் பைக்குள் நகர்ந்து நகர்ந்துதான் துணி கசங்குகிறது. பொத்தான்களைப் போட்டு, மடிப்பு விழும் இடத்தில் ஒரு மெல்லிய பனியனை வைத்து மடித்தால் கூரான கோடு விழாது. அதை அட்டையோடு சேர்த்து, அசையாதபடி வையுங்கள். லினன் எப்படி வைத்தாலும் கசங்கத்தான் செய்யும். அதை அலுவலகத்திலேயே மாட்டி வைத்துவிடுவது நல்லது.

நல்ல பேன்ட்டோடு சீட்டில் உட்காருவது

தினமும் மிதித்தால் தொடை உரசும் இடம் முதலில் பளபளக்கும், பிறகு இற்றுப்போகும். அதற்கு வைத்தியம் கிடையாது. ஓட்டுவதற்குத் தனி பேன்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்கார்டு இல்லாத வண்டி

சாலை ஈரமாக இருந்தாலே போதும், முதுகில் நீளமாகச் சேற்றுக்கோடு விழும். இன்றே மாட்டுங்கள்.

கழற்றிய ஈரப் பனியனைப் பையில் திணிப்பது

மாலையில் அதே பையில் நல்ல சட்டையும் போகும், நாற்றமும் அதில் ஏறும். சுவரில் ஒரு கொக்கி கேட்டு வாங்கி அதில் தொங்கவிடுங்கள்.