வலி ஜெல்லா? கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரைக் கேளுங்கள்

பாமசியில் தசைவலிக்கு ஜெல் வாங்கும்போது கம்பனிப் பெயரைச் சொல்லாமல், "டைக்ளோஃபெனாக் ஜெல்லில் விலை குறைந்தது எது?" என்று கேளுங்கள். கொழும்பில் வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் டியூப்களில் மருந்து ஒன்றாக இருந்தும் விலை மட்டும் வேறாக இருக்கலாம். ஒன்றில் டைக்ளோஃபெனாக் டைஎதிலமைன் 1.16% என்றும், இன்னொன்றில் டைக்ளோஃபெனாக் சோடியம் 1% என்றும் போட்டிருந்தால் முதலாவதுதான் வீரியம் கூடியது என்று நினைத்துவிடாதீர்கள். மருந்தின் உப்பு வடிவம்தான் வேறு, உள்ளே இருக்கும் மருந்தின் அளவு சமம். டியூப் 20 கிராமா 50 கிராமா என்றும் பாருங்கள், பெட்டியின் பருமன் ஏமாற்றும்.

பூசியதும் கை கழுவுங்கள் (கண்ணில் பட்டால் நன்றாக எரியும்). அதன்மேல் இறுக்கிக் கட்டுவதும் சுடுநீர்ப் போத்தல் வைப்பதும் வேண்டாம், மருந்து அளவுக்கு மேல் உடம்பில் இறங்கும்.

புண், கீறல் உள்ள இடத்தில் பூசக்கூடாது. கர்ப்பிணிகள், அஸ்பிரினுக்கு இழுப்பு (ஆஸ்துமா) வருபவர்கள், ஏற்கெனவே ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. காய்ச்சலோடு உடம்பு முழுக்க உளைந்தால் அது ஜெல் பூசும் வலி இல்லை. கொழும்பில் முதலில் டெங்குவைத்தான் சந்தேகிக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், இரத்தக்கசிவு கூடும். பரசிட்டமோல் மட்டும் சரியான அளவில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.